உப்பு மூடிக்குக் கீழே கரியமில வாயு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரியமில வாயுவை நிலத்தடியில் சேமிப்பது பற்றிப் பேசும்போது, பலர் உப்புக்குள்ளேயே வாயுவை அடைப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். வாயு தங்குவது உப்புக்குக் கீழே இருக்கும் மணற்கல்லின் நுண்துளைகளில். பாறை உப்பு, அதாவது நாம் கடையில் இந்துப்பு என்று வாங்குவது, அதற்கு மூடி. நெதர்லாந்தை ஒட்டிய வட கடலில் கே12-பி என்ற எரிவாயு வயலில் 2004-இல் இந்த வேலை தொடங்கியது. அங்கே கிடைத்த எரிவாயுவில் சுமார் 13 சதவீதம் கரியமில வாயு. அதைப் பிரித்தெடுத்து, ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில், வந்த பாறைக்கே திருப்பி அனுப்பினார்கள். மேலே இருப்பது சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீர் வற்றிப் படிந்த செக்ஸ்டைன் உப்பு. அந்த எரிவாயுவைப் பல கோடி ஆண்டுகள் காத்துவந்ததும் அதே உப்புதான்.

"உப்பு தண்ணீரில் கரையுமே?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் உப்பை ஒட்டிய ஆழ்நீர் பெரும்பாலும் ஏற்கெனவே உப்பு ஊறித் தெவிட்டிய நீர். அதற்கு மேல் கரைக்க முடியாது. கரியமில வாயுவும் உப்போடு வினைபுரிவதில்லை.

அடைமழைக் காலத்தில் சமையலறை ஜாடியைத் திறந்து பாருங்கள். கல்லுப்புப் பரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கரண்டிக் காம்பால் குத்தினால்தான் உடையும். ஈரம் பட்டு விளிம்பு கரைந்து, மறுபடி படிந்து, இடைவெளி அடைபட்டுவிடுகிறது. ஆழத்திலும் இதுவே நடக்கிறது. கூடவே மேற்பாறையின் பாரத்தில் உப்பு மெல்ல நகர்ந்து விரிசலை மூடுகிறது.

அந்த நகர்வை முழு நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. ஓரிடத்து உப்பு நகர்ந்து குன்றாகக் குவிந்தால், பக்கத்தில் அது மெலிந்து, சில இடங்களில் இல்லாமலே போகும். ஒரு கிணற்றில் அளந்த கனத்தை வயல் முழுவதற்கும் வைத்துக் கணக்குப் போடுவது ஆபத்து. நகரும் உப்பு ஆழ்துளைக் கிணற்றின் கேசிங் பைப்பையும் நெரிக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மனிதன் போட்ட துளையை மறப்பது. 1980 நவம்பர் 20 அன்று அமெரிக்காவின் லூசியானாவில், பென்யூர் ஏரியில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் அடியிலிருந்த உப்புச் சுரங்கத்தைத் துளைத்துவிட்டார்கள். ஏரியின் நன்னீர் உள்ளே பாய்ந்து உப்பைக் கரைக்கக் கரைக்கத் துளை அகன்றது. துளையிடும் மேடையும் படகுகளும் உள்ளே இழுக்கப்பட்டன. சுரங்கத்தில் இருந்த அனைவரும் உயிர் தப்பியது பெரும்பேறு. வாயுச் சேமிப்புக் கிணறுகள் வேறு வகைதான். ஆனாலும் உப்பைத் துளைக்கும்போது நன்னீர் சேரக் கூடாது என்ற விதி இரண்டுக்கும் பொது. நன்னீரில் குழைத்த சிமெண்ட் தன்னைச் சுற்றியுள்ள உப்பைக் கரைத்து, ஓரத்தில் சந்து விட்டுவிடும். அதனால்தான் உப்பு அடுக்கில் உப்புநீரில் குழைத்த சிமெண்டை இறக்குகிறார்கள்.

இத்தகைய திட்ட அறிக்கை ஒன்று கைக்கு வந்தால், உப்பின் கனம் எத்தனை மீட்டர் என்று பார்க்கும் முன்பே, கைவிடப்பட்ட பழைய கிணறுகள் எத்தனை, எந்த ஆண்டில், எதைக் கொண்டு அடைத்தார்கள் என்ற பட்டியலைத்தான் நான் தேடுவேன்.