கவிச்சியும் வேண்டாம், பாலும் வேண்டாம்: வடசென்னையில் சாப்பிடுவது எப்படி

வடசென்னையில் சைவ ஓட்டல் கண்டுபிடிக்க யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. தங்கசாலைத் தெருவில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘சுத்த சைவம்’ போர்டு ஒன்று தெரியும். சிக்கல் வருவது பால், நெய், தயிர்கூட வேண்டாம் என்பவர்களுக்கு. இப்போது வீகன் என்கிறார்களே, அவர்களுக்கு. நானும் அந்தக் கூட்டம்தான். பிறந்து வளர்ந்தது காசிமேடு. எங்கள் வீட்டில் இன்றைக்கும் மீன் இல்லாமல் சமையல் முடியாது. வேலை, தம்புச்செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸில். கவிச்சியை நானாக விட்டேன், பாலை வயிறு விடச் சொன்னது. அதனால் எண்ணூரிலிருந்து பாரிமுனை வரை எந்தக் கடையில் என்ன கேட்க வேண்டும் என்பது நன்றாகப் பழகிவிட்டது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பக்கம் பால் கலக்காத சாப்பாடு அதிகம் கிடைப்பது ரோட்டோரத்தில்தான். நெய்யும் வெண்ணெயும் விலை உள்ள சரக்கு. இருபது முப்பது ரூபாய்க்கு வயிற்றை நிரப்பி அனுப்புகிற கையேந்தி பவனில் அதை ஊற்றினால் கட்டுப்படி ஆகாது, எல்லாம் எண்ணெய்தான். பில் ஏற ஏறத் தட்டில் நெய்யும் ஏறும். ஆனால் அதே ரோட்டோரத்தில் கருவாடும் மீன் குழம்பும் பக்கத்துப் பாத்திரத்தில் இருக்கும். ஆகவே, தள்ளுவண்டியில் கவிச்சியைப் பற்றி விசாரியுங்கள், ஏசி ஓட்டலில் நெய்யைப் பற்றி விசாரியுங்கள். இரண்டையும் மாற்றிக் கேட்டால் ஒரு பயனும் இல்லை.

எப்படிக் கேட்பது? “வீகன்” என்று சொன்னால் பல சப்ளையர்கள் “ஆமாம் மேடம், ப்யூர் வெஜ்தான்” என்று சொல்லிவிட்டுப் பன்னீரைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. பொருளின் பெயரைச் சொல்லுங்கள்: “அண்ணா, நெய், வெண்ணெய், தயிர், பால் நாலும் வேணாம். எண்ணெய் ஓகே.” ஏன் என்று கேட்டால் “ஒத்துக்காது” என்ற ஒரு வார்த்தை போதும். மாட்டைப் பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்தால் மாஸ்டர் திரும்பிப் பார்க்காமல் அடுத்த தோசையை ஊற்றிவிடுவார். முடிந்தால் சப்ளையரிடம் சொல்வதோடு நிறுத்தாமல், கல்லுக்கு முன்னால் நிற்கும் மாஸ்டரிடமே போய்ச் சொல்லுங்கள். காலை எட்டரை மணிக் கூட்டத்தில் யார் சொல்வதும் யார் காதிலும் ஏறாது; பத்து மணிக்கு மேல் போனால் பொறுமையாகக் கேட்பார்கள்.

பாக்கெட்டில் வாங்குகிறவர்கள் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாலும் தேனும் சேர்ந்த பண்டத்துக்கும் அதே புள்ளிதான் உண்டு. வீகனுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி முத்திரை கொண்டுவந்திருக்கிறது. நம் பெட்டிக்கடைகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம், பின்பக்கம் திருப்பி ‘பால் பொருட்கள்’ என்ற வரியைத் தேடுங்கள்.

காலையில்

இட்லிதான் ராஜா. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு. அதில் பாலுக்கு இடமே இல்லை. தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் ஆயாக்கள் வீட்டு வாசலில் போடும் இட்லியோடு காரச் சட்னி, பொட்டுக்கடலைச் சட்னி, வடகறி கிடைக்கும். வடகறி கடலைப்பருப்பில் செய்வது, தைரியமாக வாங்கலாம். கவனிக்க வேண்டியது கரண்டி. இந்தப் பக்கம் இட்லிக்கு மீன் குழம்பும் பாயாவும் வழக்கமான ஜோடி. இரண்டு மூன்று தூக்குக்கு ஒரே கரண்டி ஓடுகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். “ஆயா, கவிச்சி கரண்டி போடாம சட்னி மட்டும் ஊத்து” என்றால் புரிந்துகொள்வார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தோசைக்கும் இதே கதை. முட்டை தோசை போட்ட கல்லில்தான் உங்கள் தோசையும் விழும். அது வேண்டாமென்றால் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்டலில் பொங்கல் என்றாலே நெய். ரவா தோசை மாவில் சில இடங்களில் மோர் கலக்கிறார்கள், கேட்டுவிட்டு ஆர்டர் சொல்லுங்கள். பூரி கிழங்கு, மெதுவடை, பொடி இட்லி எல்லாம் பரவாயில்லை. ஆனால் பொடிக்கு நல்லெண்ணெய் என்று முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மரியாதைக்காகவே நெய் ஊற்றிவிடுவார்கள்.

கையில் காசு குறைவா, அம்மா உணவகத்துக்குப் போங்கள். 2013இல் சென்னையில் தொடங்கியபோது வைத்த விலை: இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பிறகு பொங்கலும் எலுமிச்சை சாதமும் கறிவேப்பிலை சாதமும் 5 ரூபாய்க்கு வந்தன, மாலையில் இரண்டு சப்பாத்தியும் பருப்பும் 3 ரூபாய்க்கு வந்தன. மொத்தப் பட்டியலும் சைவம். காலையில் ஐந்து இட்லி, மதியம் எலுமிச்சை சாதம், மாலையில் சப்பாத்தி என்று கூட்டிப் பாருங்கள், 13 ரூபாய்தான் வருகிறது. ஊரிலேயே மலிவான வீகன் சாப்பாடு இதுதான் என்பது என் அபிப்பிராயம். கண்ணாடிக் கதவு போட்ட கடையில் ஒரு பாதாம் பால் காபிக்குக் கொடுப்பதில் எத்தனையோ நாள் ஓட்டலாம்.

மதியம்: கூழ் வண்டி, இலைச் சாப்பாடு

வெயில் காலத்தில் நான் ரொம்ப நம்புவது கூழ் வண்டியை. கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ் இரண்டும் இருக்கும். கரைப்பதற்கு முன்பே “மோர் ஊத்தாதீங்க, தண்ணி விட்டுக் கரைங்க” என்று சொல்ல வேண்டும்; சில வண்டிகளில் மோரைக் காலையிலேயே அண்டாவில் கலந்துவிடுவார்கள், அங்கே நகர்ந்துவிட வேண்டியதுதான். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மாங்காய், கொத்தவரங்காய் வற்றல், பச்சை மிளகாய். பலரும் யோசிக்காத ஒன்று மோர் மிளகாய்: பெயரிலேயே மோர் இருக்கிறது, ஊறுவதும் மோரில்தான். அதற்குப் பக்கத்தில் வறுத்த நெத்திலிக் கருவாடு இருக்கும், இரண்டையும் ஒரே எண்ணெயில் பொரிப்பதும் உண்டு. நான் மாங்காயும் வெங்காயமும் மட்டும் எடுத்துக்கொள்வேன். அதுவே போதும்.

இலைச் சாப்பாட்டில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது முதல் ஒரு நிமிடம்தான். பருப்பைப் போட்ட கை நெய்க் கிண்ணத்துக்குப் போவதற்குள் சொல்லிவிடுங்கள். பொரியல், சாம்பார், வற்றல் குழம்பு, அப்பளம் பெரும்பாலும் எண்ணெயில்தான். ரசத்துக்கு நெய்யில் தாளிக்கும் கடைகள் உண்டு. கூட்டில் பால் சேர்ப்பவர்களும் உண்டு. அவியல், மோர்க்குழம்பு, பாயசம் மூன்றையும் யோசிக்காமல் தள்ளிவிடலாம். பாயசத்துக்குப் பதில் இன்னொரு பொரியல் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், நான் கேட்டு வாங்குவேன்.

பாரிமுனையில் சாயங்காலம்

இனி அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலமானால் வண்டிகள் வரிசை கட்டும். 1960களில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணிகளை அரசு எடுத்துக்கொண்டபோது, அங்கே இருந்த தமிழர்கள் கப்பலேறித் திரும்பி வந்தார்கள். அவர்களோடு வந்த சாப்பாடு இது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், நறுக்கிய முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எண்ணெய், கொத்தமல்லி, எலுமிச்சை. மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். பால் வாசனைகூட இல்லாத பண்டம். ஆனால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நூடுல்ஸில் முட்டை சேர்ந்திருக்கிறதா? இறால் பொடி தூவுவீர்களா? கூடவே தரும் வாழைத்தண்டு சூப் எதில் கொதித்தது? பர்மாவில் அது மீன் சாற்றில் வேகும் சூப். இங்கே வெறும் வாழைத்தண்டும் கடலைமாவும் போட்டுச் செய்பவர்கள் இருக்கிறார்கள், கடைக்குக் கடை மாறும். கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். திருப்தி இல்லையென்றால் சூப்பை விட்டுவிட்டு அத்தோவுக்கு இன்னும் கொஞ்சம் புளித்தண்ணீர் கேளுங்கள்.

அங்கிருந்து சவுகார்பேட்டை நடக்கும் தூரம். மார்வாடிகளும் குஜராத்திகளும் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். கவிச்சி பயம் அறவே கிடையாது. ஜெயின் என்று கேட்டால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இல்லாமலும் செய்து தருவார்கள், பாவ் பாஜிக்கு வாழைக்காய் போடுவார்கள். அந்த வாழைக்காயின் மேல் ஒரு கட்டி வெண்ணெய் விழும், அங்கேதான் நமக்கு வம்பு. காக்கடா ராம்பிரசாத் கடை ஜிலேபியின் பெருமையே நெய், சீனா பாய் கடை இட்லியின் பெருமையும் நெய். நெய் இல்லாமல் கொடுங்கள் என்று அங்கே போய்க் கேட்பது நியாயமில்லை. கூட வந்தவர்கள் சாப்பிடட்டும், நாம் சாட் வண்டிக்குப் போகலாம்.

பானிபூரி முழுக்கப் பாதுகாப்பு: புதினா, புளி, உருளை, பட்டாணி. பேல்பூரியும் சேவ்பூரியும் தயிர் இல்லாமல் கேட்டால் சரி. முறுக்கு சாண்ட்விச் கட்டாயம் சாப்பிட வேண்டியது; ரொட்டிக்குப் பதில் முறுக்கு, நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. வெண்ணெயும் சீஸும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்து தாலி சாப்பிடுவதென்றால் புல்காவை நெய் தடவாமல் கல்லிலிருந்து நேராகக் கொண்டுவரச் சொல்லுங்கள், பருப்புக்கு எண்ணெயில் தாளிக்கச் சொல்லுங்கள். தமிழிலேயே கேட்கலாம், அங்கே எல்லோருக்கும் தமிழ் வரும். ‘கடி’ என்கிற குழம்பு, ஸ்ரீகண்ட் என்கிற இனிப்பு, குடிக்கத் தரும் ‘சாஸ்’ மூன்றும் தயிர், மோர் சமாசாரம்.

இதே வட்டாரத்தில், ஏழுகிணறு வீராசாமித் தெருவில்தான் வள்ளலார் பல வருஷம் இருந்தார். திருவொற்றியூர்க் கோயிலுக்கு இங்கிருந்து போய் வந்தவர். புலால் மறுப்பை அவ்வளவு அழுத்திச் சொன்ன மனிதர் மீன்வாடை வீசும் இந்தப் பக்கத்தில் வாழ்ந்தார் என்பதை எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. சன்மார்க்க சங்கங்கள் மாதப் பூசத்தன்று அன்னதானம் போடும், கண்ணில் பட்டால் வரிசையில் நில்லுங்கள்.

பரோட்டாவும் கடற்கரையும்

இரவு பரோட்டாதான் ரொம்ப ஏமாற்றும். மாவில் முட்டையோ பாலோ சேர்ப்பது மாஸ்டரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. அசைவக் கடையில் ‘எம்ப்டி சால்னா’ என்றால் துண்டு இல்லை என்றுதான் அர்த்தம். அது கொதித்த சட்டியில் எலும்பு கிடந்திருக்கலாம். சைவக் கடைக்கே போய், குருமாவில் தயிர் உண்டா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பாஸ்ட் புட் வண்டியில் சிக்கன் வதக்கிய அதே சட்டியில்தான் வெஜ் ரைஸும் புரளும். நான் பக்கத்தில் போவதில்லை.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கடற்கரைகளில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, சுட்ட சோளம் கிடைக்கும். பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு. பஜ்ஜி வாங்குமுன் அடுத்த அடுப்பை எட்டிப் பாருங்கள். மீன் வறுவல் எண்ணெயை வடிகட்டிப் பஜ்ஜிக்கு ஊற்றுவது நடக்கக்கூடியதே. எண்ணெயின் மேல் சிவப்பு மசாலாத் தூள் மிதந்தால் வேண்டாம்.

குடிக்க சுக்கு காபி, நன்னாரி சர்பத், பன்னீர் சோடா (இது ரோஜாப் பன்னீர், பால் பன்னீர் இல்லை). மண்ணடிப் பக்கம் சில டீக்கடைகளில் சுலைமானி என்கிற பாலில்லாத டீ போடுவார்கள், மற்ற இடங்களில் பிளாக் டீ என்று கேளுங்கள். ஓட்ஸ் பால் விற்கும் கஃபே இங்கே அபூர்வம். காபி இல்லாமல் முடியாதவர்கள் ஒரு சின்ன சோயா பால் டப்பாவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பதநீரில் கிளிஞ்சல் சுண்ணாம்பு சேர்கிறதே என்று என்னிடம் ஒருவர் கேட்டார். அந்த அளவுக்குப் போனால் வெற்றிலைகூடப் போட முடியாது. நான் குடிக்கிறேன்.

எப்போது வருவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புரட்டாசியிலும், கார்த்திகையில் மாலை போடும் காலத்திலும் அசைவக் கடைகளே சைவம் தனியாகப் போடும், கரண்டிக் கவலை குறைவு. ஆடியில் அம்மன் கோயில் கூழோடு கருவாட்டுக் குழம்பும் வரும், கேட்டு வாங்குங்கள். நோன்புக் கஞ்சியில் கறி சேர்ப்பது வழக்கம், கறியில்லாமலும் காய்ச்சுவார்கள், விசாரித்துக் குடிக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். துறைமுகம் அப்போதுதான் கொஞ்சம் மூச்சுவிடும், மீன்வாடை பிடிக்காதவர்கள் காசிமேடு பக்கம் வர அதுதான் தோதான நேரம். மெட்ரோவில் வந்தால் மண்ணடியில் இறங்குங்கள், அத்தோ முதலில், சவுகார்பேட்டை அப்புறம். ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் அடைப்பு, தெருவில் நடக்க இடம் இருக்கும்.