முளைவிட்ட பயற்றை ஆங்கிலத்தில் எழுதுதல்: எளிய ஆய்வறிக்கைக்கான தொடக்கப் பயிற்சி

ஆய்வறிக்கைக்கு வேண்டிய ஆங்கிலம், கதை படிப்பதற்கும் நண்பரோடு பேசுவதற்கும் வேண்டிய ஆங்கிலத்தைவிட மிகச் சிறியது. அதில் மரபுத்தொடர் இல்லை, சிலேடை இல்லை, வாசகரைச் சிரிக்கவைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டே காலங்களும் சில பத்து வினைச்சொற்களும் அளவுகளைப் பிழையின்றி எழுதும் பழக்கமும் கைவந்துவிட்டால், ஆங்கிலத்தில் தடங்கலின்றிப் பேச வராதவர்கூடத் தெளிவான அறிக்கை எழுதிவிடலாம். தமிழில் சிந்திக்கும் நமக்கு இடறுகிற இடங்கள் வேறு சில உண்டு, அவற்றை இலக்கணப் புத்தகங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை என்பதால் இங்கே அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கையில் ஒரு சோதனை இல்லாமல் இதைப் பழக முடியாது. ஆகவே வீட்டில் செய்யக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐம்பது பச்சைப்பயறு விதைகளை வெறும் நீரிலும், இன்னோர் ஐம்பதை லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு கரைத்த நீரிலும் 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் பரப்பி, 48 மணி நேரம் கழித்து முளைத்தவற்றை எண்ண வேண்டும். வெறும் நீரில் 46, உப்பு நீரில் 31 முளைத்ததாக எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்கிறேன். ஆங்கில வாக்கியங்களின் ஒலிப்பை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் நோட்டில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: செய்முறைப் பகுதியிலிருந்து தொடங்குங்கள்

அறிக்கை அச்சில் அறிமுகம், செய்முறை, முடிவுகள், விவாதம் என்ற வரிசையில் வரும். எழுதுவது அந்த வரிசையில் இருக்க வேண்டியதில்லை. உங்கள் கையால் செய்ததைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் எளிது என்பதால் செய்முறையை முதலில் எழுதுங்கள்.

இங்கே நம் பள்ளி ரெக்கார்டு நோட்டு குறுக்கே வரும். பிளஸ் டூ வேதியியல் ரெக்கார்டில் "தி கிவன் சால்ட் இஸ் டேக்கன் இன் எ டெஸ்ட் டியூப்" என்று எழுதி எழுதிப் பழகிய கை, ஆய்வறிக்கையிலும் "இஸ் டேக்கன்" என்றே எழுதும். ரெக்கார்டு என்பது யாரும் எப்போதும் செய்யக்கூடிய முறையைச் சொல்வது. அறிக்கையோ நீங்கள் ஒருநாள் செய்து முடித்ததைச் சொல்வது. எனவே "இஸ்", "ஆர்" போய் "வாஸ்", "வேர்" வர வேண்டும். என்னுடைய முதல் அறிக்கை திரும்பி வந்தபோது, ஒரே பக்கத்தில் பதினோர் "இஸ்" சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தது.

படி 2: எச்சங்களை உடையுங்கள்

இதுவே நமக்குப் பெரிய சிக்கல். தமிழில் "விதைகளைக் கழுவி, உப்பு நீரில் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, எண்ணினேன்" என்று எத்தனை வினையெச்சங்களை வேண்டுமானாலும் கோக்கலாம். காலமும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடமும் கடைசி வினையில் மட்டும் இருந்தால் போதும், யார் செய்தார் என்ற குழப்பமும் வராது. இதை அப்படியே கொண்டுபோய் "ஆஃப்டர் வாஷிங் தி சீட்ஸ், தி ஜெர்மினேஷன் வாஸ் கவுன்டட்" என்று எழுதினால், முளைப்பே எழுந்து வந்து விதைகளைக் கழுவியதாக ஆங்கில இலக்கணம் பொருள் கொள்ளும்.

மருந்து எளியது. எத்தனை எச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு வினைக்கு ஒரு வாக்கியம் என்று வெட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுவாயைத் திரும்பக் கொடுங்கள். "ஃபிஃப்டி சீட்ஸ் வேர் வாஷ்ட் அண்ட் சோக்ட் இன் சால்ட் சொல்யூஷன் ஃபார் 12 அவர்ஸ். தே வேர் தென் ட்ரெயின்ட் அண்ட் ஸ்ப்ரெட் ஆன் எ டாம்ப் க்ளாத். ஆஃப்டர் 48 அவர்ஸ், தி ஜெர்மினேட்டட் சீட்ஸ் வேர் கவுன்டட்." தமிழ்க் காதுக்கு இது துண்டு துண்டாகக் கேட்கும். கேட்கட்டும், அறிக்கையில் அது குறையன்று.

முதல் வாக்கியம் எண்ணை எழுத்தால் தொடங்குவதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தலையில் இலக்கத்தை வைப்பதில்லை. நடுவில் வரும்போது 12, 48 என்று இலக்கமாகவே எழுதலாம். எண்ணுக்கும் அலகுக்கும் இடையே ஓர் இடைவெளி விட வேண்டும்.

படி 3: பன்மையும் ஆர்ட்டிகிளும்

"ஐம்பது விதை" என்று தமிழில் சொல்லலாம். எண்ணே பன்மையைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் எண் இருந்தாலும் "சீட்ஸ்" ஆக வேண்டும். மறுபுறம், "எக்விப்மென்ட்", "இன்ஃபர்மேஷன்" ஆகியவற்றுக்கு நாம் தாராளமாக ஒட்டிவிடும் "ஸ்" அங்கே கிடையாது.

ஆர்ட்டிகிளுக்கு நான் ஒரு நாட்டுமுறை வைத்திருக்கிறேன். தமிழில் சொல்லிப் பாருங்கள்: முதன்முதலாகச் சொல்லும் பொருளுக்கு முன் "ஒரு" பொருந்தினால் "எ", ஏற்கெனவே சொன்ன பொருளுக்கு முன் "அந்த" பொருந்தினால் "தி", இரண்டும் ஒட்டாமல் பொதுவாக நீர், உப்பு என்று நின்றால் எதுவும் வேண்டாம். துணி முதலில் வரும்போது "எ டாம்ப் க்ளாத்", அடுத்த வரியில் "தி க்ளாத்". எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. தொடக்கநிலைக்கு முக்கால்வாசி இடத்தில் கைகொடுக்கும்.

படி 4: முடிவுகளில் எண்ணை முன்வையுங்கள்

முதலில் அட்டவணையைப் போடுங்கள், பிறகு அதைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதுங்கள். "இன் ப்ளெயின் வாட்டர், 46 ஆஃப் 50 சீட்ஸ் ஜெர்மினேட்டட்; இன் சால்ட் சொல்யூஷன், 31 டிட்." சதவீதமாகச் சொன்னால் 92, 62. நடந்தது இறந்தகாலத்தில் வரும். ஆனால் அட்டவணை இப்போதும் தாளில் இருப்பதால் "டேபிள் 1 ஷோஸ்" என்று நிகழ்காலத்தில் வரும். எதை முளைத்ததாக எண்ணினீர்கள் என்பதைச் செய்முறையிலேயே சொல்லியிருக்க வேண்டும். முளைவேர் 2 மில்லிமீட்டராவது வெளியே வந்திருக்க வேண்டும் என்பதுபோல.

படி 5: விவாதத்தில் குரலைத் தாழ்த்துங்கள்

ஒரு கிண்ணப் பயறு எதையும் நிரூபித்துவிடாது. "ப்ரூவ்ட்" என்ற சொல்லை அறவே விலக்கி, "சஜெஸ்ட்", "இண்டிகேட்", "மே" ஆகியவற்றைக் கையாளுங்கள்: "தீஸ் ரிசல்ட்ஸ் சஜெஸ்ட் தட் சால்ட் ரெட்யூஸஸ் ஜெர்மினேஷன்." உப்பு நீரிலிருந்து விதை நீரை உறிஞ்சுவது கடினம் என்ற காரணத்தைச் சேர்க்கும்போது "மே பி டியூ டு" என்று தொடங்கலாம். நீங்கள் நினைப்பதும் முன்பே அறியப்பட்ட உண்மையும் நிகழ்காலத்தில் வரும். அறிமுகப் பகுதிக்கும் இதே விதிதான்.

"சிக்னிஃபிகன்ட்" என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். பேச்சில் அது "குறிப்பிடத்தக்க" என்றாலும், அறிவியல் அறிக்கையில் புள்ளியியல் சோதனை செய்து பார்த்தவருக்கே அதை எழுதும் உரிமை உண்டு. சோதனை செய்யாதபோது "லோயர்" என்பதே போதும்.

படி 6: தொடர் நோட்டு

மனப்பாடம் செய்ய வேண்டியது தனிச்சொற்களை அல்ல, தொடர்களை. "டிபெண்ட்ஸ் ஆன்", "கம்பேர்ட் வித்", "ரிசல்டட் இன்" என்று வினையும் அதன் முன்னிடைச்சொல்லும் ஒட்டியபடியே குறித்துக்கொள்ளுங்கள். "டிஸ்கஸ்ட் அபவுட்" என்று எழுதும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. அங்கே "அபவுட்" வேண்டாம். பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் கரன்ட் சயின்ஸ் இதழிலும், மான்செஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க் தொகுப்பிலும் இத்தகைய தொடர்கள் கிடைக்கும். மூன்று நான்கு சொல் கொண்ட பொதுத்தொடரை எடுத்துக்கொள்வது கற்றல். பிறருடைய முழு வாக்கியத்தை அப்படியே எடுப்பது திருட்டு.

படி 7: தலைப்பு கடைசியில்

எல்லாம் முடிந்தபின் உரக்கப் படித்து, உரையிலுள்ள எண்களும் அட்டவணை எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். அதன்பின் தலைப்பு. சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928 மார்ச் 31 அன்று நேச்சர் இதழில் வெளியிட்ட குறிப்பின் தலைப்பு "எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன்" என்ற ஆறே சொற்கள்தான். நோபல் பரிசு பெற்றுத்தந்த கண்டுபிடிப்புக்கே அது போதுமானதாக இருந்தது. நம் பயற்றுக்கு "எ ஸ்டடி ஆன்", "ஆன் இன்வெஸ்டிகேஷன் இன்டு" போன்ற முன்னொட்டுகளை வெட்டிவிட்டால், "எஃபெக்ட் ஆஃப் சால்ட் ஆன் ஜெர்மினேஷன் ஆஃப் க்ரீன் கிராம்" என்பது நிற்கும்.