மில்லிங் மெஷினுக்குப் போரிங் ஹெட்டும் பாரும் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் போரிங் ஹெட்டை (மெஷினில் சுழன்று, ஏற்கெனவே உள்ள துளையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் கருவி) முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் பாரை (ஹெட்டில் செருகும், நுனியில் வெட்டுமுனை உள்ள தண்டு) பிறகு தேடுகிறார்கள். உண்மையில் தேர்வு தொடங்க வேண்டியது, குடைய வேண்டிய துளையின் விட்டத்திலிருந்தும் ஆழத்திலிருந்தும்தான்.

படி 1: பார்

துளைக்குள் நுழைந்த பிறகும் வெட்டிய உலோகச் சுருள் வெளியேற இடம் விடக்கூடிய பார்களில் மிகத் தடிமனானதை, ஆழத்துக்குப் போதுமான மிகக் குறைந்த நீளத்தில் எடுங்கள். ஒரே வெட்டுவிசையில் பார் வளையும் அளவு, வெளியே நீண்டிருக்கும் நீளத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும், விட்டத்தின் நான்மடிக்கு எதிர் விகிதத்திலும் மாறும். ஆகவே நீளம் இரட்டித்தால் வளைவு 8 மடங்காகும், விட்டம் பாதியானால் 16 மடங்காகும். 30 மி.மீ. விட்டமும் 40 மி.மீ. ஆழமும் கொண்ட துளைக்கு 12 மி.மீ. பார் போதும் என்றாலும், 16 மி.மீ. பார் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் விறைப்பாக நிற்கும். ஸ்டீல் பாரை அதன் விட்டத்தைப் போல் 4 மடங்குக்கு மேலும், முழு கார்பைடு (ஸ்டீலைவிடக் கடினமும் விறைப்பும் கூடிய பொருள்) பாரை ஏறத்தாழ 6 மடங்குக்கு மேலும் நீட்டினால், அதிர்வும் துளைச் சுவரில் அலைத் தடமும் வரும் என்று எதிர்பார்க்கலாம்.

வெட்டுமுனையைப் பொறுத்தவரை, வேகமும் விறைப்பும் குறைந்த சிறிய மெஷினுக்கு, கூராகத் தீட்டிக்கொள்ளக்கூடிய ஹைஸ்பீடு ஸ்டீலே என் தேர்வு. கார்பைடு முனை பற்றவைத்த பார்களை வாங்கினால், முனையின் அடிப்பகுதி துளைச் சுவரில் உரசாதபடி போதிய இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய துளைகளில் இதைத் தீட்டித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். இன்சர்ட் (கழற்றி மாற்றக்கூடிய வெட்டுத்துண்டு) பொருத்திய பார் வசதியானது, ஆனால் லேசான வெட்டுக்கு 0.2 மி.மீ. முனை ஆரமுள்ள இன்சர்ட் நல்லது.

படி 2: ஹெட்

ஷாங்க் (ஹெட்டை மெஷினில் பிடிக்கும் மேல்தண்டு) உங்கள் ஸ்பிண்டிலின் (மெஷினின் சுழலும் அச்சின்) டேப்பரிலேயே (கூம்பு வடிவத் துளையிலேயே) நேரடியாக உட்கார வேண்டும். நேரான ஷாங்கைக் காலெட்டில் (தண்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பானில்) பிடித்தால் நீளமும் நெகிழ்வும் கூடும். தேர்ந்தெடுத்த பாரின் தண்டு ஹெட்டின் துளையில் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். அடுத்து, பாரைப் பக்கவாட்டில் நகர்த்தித் துளையின் அளவை மாற்றும் டயல். ஒரு பிரிவு 0.01 மி.மீ. என்றால் அது ஆரத்திலா, விட்டத்திலா? டயல் இண்டிகேட்டரை (சிறு நகர்வை அளக்கும் முள் கருவி) பாரில் தொடவைத்து 10 பிரிவுகள் திருப்புங்கள்: 0.10 மி.மீ. நகர்ந்தால் துளை 0.20 மி.மீ. பெரிதாகும்.

படி 3: பொருத்துதல்

வெட்டுமுனை, ஸ்லைடு (ஹெட்டில் பாரைத் தாங்கிப் பக்கவாட்டில் நகரும் பகுதி) நகரும் மையக்கோட்டிலேயே, சுழலும் திசையை நோக்கி இருக்கட்டும். விலகினால் வெட்டுக்கோணங்கள் மாறுவதோடு, டயல் காட்டும் அளவும் துளையின் அளவும் ஒத்துப்போகாது. ஸ்லைடு திருகை இறுக்காமல் ஸ்பிண்டிலைச் சுழற்றக் கூடாது. ஹெட் மையத்திலிருந்து விலகி நிற்பதால் சமநிலை குலையும் என்பதால், குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். கடைசி வெட்டுக்கு முன் டயலைத் தொடாமல் ஒருமுறை மீண்டும் ஓட்டி, வளைந்த பார் விட்டுவைத்த மிச்சத்தை எடுத்த பிறகே துளையை அளந்து, மீதி அளவைக் கணக்கிடுங்கள்.