தீவு விளக்கின் வரலாற்றைத் தேடுவது எப்படி

சின்னத் தீவு ஒன்றின் கலங்கரை விளக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், வாசல் கல்வெட்டில் இருக்கும் ஆண்டுதான் முதலில் கையில் கிடைக்கும். குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். கோபுரம் அப்படியே நிற்க, உச்சியில் எரியும் விளக்கு பலமுறை மாறியிருக்கலாம். ஒவ்வொரு மாற்றமும் அங்கே வாழ்ந்தவர்களின் இரவுகளையே மாற்றிப்போட்டது. நான் தேடுவது அந்த வரலாற்றைத்தான்.

முதலில் லென்ஸைப் பாருங்கள். சுடரின் ஒளியைக் குவித்துத் தொலைவுக்கு அனுப்ப பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனெல் வடிவமைத்த லென்ஸ் 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏறியது. உங்கள் விளக்கு அதைவிடப் பழையது என்றால் தொடக்கத்தில் வேறு ஏதோ எரிந்திருக்கிறது. இந்த லென்ஸ்களை அளவை வைத்துத் தரம் பிரிப்பார்கள், முதல் தரம்தான் பெரிய அளவு: சுடருக்கும் லென்ஸுக்கும் இடையே 920 மி.மீ. இருந்தால் முதல் தரம். 250 என்றால் நான்காம் தரம். 150 என்றால் ஆறாம் தரம். குட்டித் தீவில் முதல் தர லென்ஸ் இருந்தால் விடாதீர்கள்: வெகுதூரத்தில் போகும் கப்பல்களுக்காக யாரோ பெரும் பணம் செலவழித்திருக்கிறார்கள். லென்ஸின் உலோகச் சட்டத்தில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

அப்புறம் பிரிட்டிஷ் அட்மிரால்டி, அதாவது கடற்படை நிர்வாகம், மாலுமிகளுக்காக வெளியிட்ட பழைய கலங்கரை விளக்குப் பட்டியல்கள். வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு பதிப்பில் நிலையான ஒளி, அடுத்ததில் மின்னும் ஒளி என்றால், இடையில் சுழலும் இயந்திரம் வந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கால இயந்திரங்கள் பெரும்பாலும் எடைக்கல் இறங்கும் விசையில் ஓடின. கல் கீழே வந்ததும் கையால் சுற்றி மேலேற்ற வேண்டும். அப்படியானால் இரவெல்லாம் விழித்திருக்க ஆள் வேண்டும். முறை மாற்ற இன்னொருவர் வேண்டும். தங்க வீடும் வேண்டும். தீவில் இடிந்து கிடக்கும் சுவர்களுக்கு இங்கே விளக்கம் கிடைக்கலாம்.

ஆட்கள் எப்போது கிளம்பினார்கள் என்பதற்கும் விளக்கே சாட்சி சொல்லும். பொழுது சாய்ந்ததும் வாயுவைத் திறந்து விளக்கைத் தானாக எரியவைக்கும் சூரிய வால்வைக் கண்டுபிடித்த குஸ்தாஃப் தாலேனுக்கு 1912இல் நோபல் பரிசு கிடைத்தது. அசிட்டிலீன் வாயுவும் அந்த வால்வும் சேர்ந்த இடங்களில் காவலர் இல்லாமலே விளக்கு எரிந்தது.

காவலர்களின் தினக்குறிப்பேடு கிடைத்தால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவையுங்கள். ஏற்றிய நேரம், அணைத்த நேரம், செலவான எண்ணெய், வானிலை என்று வறண்ட பத்திகளாகத்தான் தெரியும். எண்ணெய்க் கணக்கை மட்டும் மாதம் மாதமாக வரிசையாக எழுதிப் பாருங்கள். நீண்ட இரவுகளில் ஏறும், குறுகிய இரவுகளில் இறங்கும். இந்த ஒழுங்கு சட்டென்று உடைந்தால் திரியோ பர்னரோ மாறியிருக்கலாம், அல்லது எண்ணெய்ப் படகு வராமல் போயிருக்கலாம். அதே வாரத்தின் வானிலைப் பத்தியில் புயல் இருக்கிறதா என்று பாருங்கள்.