கற்றாழையும் மக்காச்சோளமும் ஒரே மாடியில்: அழுகாமல், வாடாமல் வளர்ப்பது எப்படி?

மாடியில் ஒரு மூலையில் சோற்றுக்கற்றாழை, அதை ஒட்டியே மக்காச்சோளம். இரண்டும் வெயில் விரும்பிகள்தானே என்று சேர்த்து வைத்தேன். தினமும் காலையில் ஒரே குழாயால் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். மூன்றாவது வாரம் கற்றாழையின் அடி இலையை லேசாகத் தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்பாகக் கூழாகியிருந்தது. பக்கத்திலிருந்த மக்காச்சோளமோ காலையிலேயே இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. ஒன்றுக்குத் தண்ணீர் கூடிப்போய் அழுகல், இன்னொன்றுக்கு அதே தண்ணீர் போதவில்லை. அடுத்த முறை இரண்டும் நன்றாக வந்தன. அப்போது செய்ததைத்தான் எழுதுகிறேன். விதை ஊன்றுவது, தொட்டி நிரப்புவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

இரண்டும் ஏன் இப்படி?

இலைக்குக் காற்றிலிருந்து கரியமில வாயு வேண்டும். அதற்கு இலைத்துளைகளைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஈரமும் சேர்ந்து வெளியே போய்விடும். கற்றாழை இதற்காகப் பகலில் துளைகளை மூடி வைத்து, இரவில் வெப்பம் தணிந்ததும் திறக்கிறது. இரவில் வாங்கிய வாயுவை அமிலமாகச் சேமித்து, பகல் வெளிச்சத்தில் உணவாக்கிக்கொள்கிறது. ஈரம் மிச்சமாகிறது, ஆனால் ஒரு ராத்திரியில் சேமிக்க முடிந்தது அவ்வளவுதான் என்பதால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். மக்காச்சோளம் பகலிலேயே திறந்து வைத்து வேலை பார்க்கும் செடி. விதைத்து இரண்டு, மூன்று மாதத்தில் ஆள் உயரம் தாண்டிவிடும். அந்த வேகத்துக்குத் தண்ணீரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) வந்துகொண்டே இருக்க வேண்டும்.

படி 1: இடம்

மக்காச்சோளத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும், இதில் சமரசம் கிடையாது. கற்றாழையும் வெளிச்சத்தை விரும்பும். ஆனால் வீட்டுக்குள் இருந்த செடியைத் திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால் இலை செம்பழுப்பாகிவிடும். பத்து நாளாவது கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். அப்புறம், இரண்டையும் ஒரே குழாய் எட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். கை சும்மா இருக்காது.

படி 2: தொட்டியும் மண்ணும்

கற்றாழைக்கு மண்தொட்டிதான் என் தேர்வு. சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். வேர் அளவைவிடச் சற்றே பெரியது போதும், அடியில் துளை கட்டாயம். கலவையில் பாதி பருமணல் அல்லது பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக் கல் துகள்), மீதி சாதாரணத் தொட்டி மண். பொடி மணல் வேண்டாம், அது மண்ணோடு சேர்ந்து இறுகிவிடும். தொட்டி அடியில் கல் அடுக்கினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வதை நானும் நம்பினேன். உண்மையில் தண்ணீர் கல் அடுக்குக்கு மேலே இருக்கும் மண்ணிலேயே தேங்கி நிற்கும். அதாவது வேருக்கு இன்னும் நெருக்கமாக. கல்லை விட்டுவிட்டுக் கலவையைச் சரி செய்யுங்கள்.

மக்காச்சோளத்துக்கு நேரெதிர். குறைந்தது 30 செ.மீ. ஆழமுள்ள அகலத் தொட்டி, நிறைய மக்கிய உரம், ஈரத்தைப் பிடித்து வைக்கும் மண். விதையை 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் சரி.

படி 3: தண்ணீர் (நான் சறுக்கிய இடம்)

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். என் கற்றாழை ஒரே நாளில் சாகவில்லை. முதலில் இலைகள் மெலிந்து உள்பக்கம் குழிந்தன. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிறகுதான் புரிந்தது: வேர் ஏற்கெனவே அழுகியிருந்தது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் ஈர மண்ணில் நிற்கும் செடியும் வறண்டது போலவே தெரியும். நான் ஊற்றிய ஒவ்வொரு குவளையும் நோயை வளர்த்திருக்கிறது.

ஆகவே இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். நுனியில் ஈரமண் ஒட்டியிருந்தால் ஊற்ற வேண்டாம். மண் காய்ந்து இலையும் மெலிந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்து இலை மெலிந்திருந்தால் வேரில் கோளாறு. ஈரம் காட்டும் கருவி ஒன்றும் வாங்கினேன். பருமணல் கலவையில் அதன் முள் நகரவே இல்லை. குச்சியே போதும்.

அழுகியிருந்தால் செடியை வெளியே எடுத்து, கூழான வேர்களை வெட்டிவிட்டு, வெட்டுக்காயம் காயும்வரை நிழலில் சில நாள் போட்டு வையுங்கள். பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் விடுங்கள். மனசு கேட்காது, இருந்தாலும் விடுங்கள்.

மக்காச்சோளத்துக்கு வாரம் 25 மி.மீ. மழை அளவு, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் தேவை. தொட்டியில் என்றால் கோடையில் தினமும் ஊற்ற வேண்டியிருக்கும். மத்தியானம் இலை சுருண்டு சாயங்காலம் விரிந்துவிட்டால் பயமில்லை. காலையிலேயே சுருண்டிருந்தால் உடனே தண்ணீர் விடுங்கள். கதிரில் பட்டு இழைகள் வெளிவரும் சமயத்தில் ஒரு நாளும் காயவிடக் கூடாது.

படி 4: உரம்

கற்றாழைக்கு வளரும் பருவத்தில் பாதியாக நீர்த்த உரம் ஒருமுறை. மறந்தாலும் ஒன்றும் ஆகாது. மக்காச்சோளத்துக்கு முழங்கால் உயரத்தில் தழைச்சத்து மேலுரம் போட்டு, அடியில் மண் அணைக்க வேண்டும். அடி இலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை.

பின்சேர்க்கை 1: கதிரில் பாதி மணிகள்தான் இருக்கின்றன என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டு பேருமே ஒற்றை வரிசையில் நட்டவர்கள். மக்காச்சோளத்தில் மகரந்தம் காற்றில்தான் பரவுகிறது. ஒவ்வொரு பட்டு இழையும் ஒரு மணிக்குச் சொந்தம். மகரந்தம் விழாத இழைக்கு மணி கிடையாது. அதனால் வரிசையாக நடாமல் சதுரமாக, குறைந்தது மூன்றுக்கு மூன்றாக நடுங்கள். நான் காலையில் உச்சியிலிருக்கும் ஆண்பூவை இழைகளின்மேல் உதறிவிடுகிறேன். மஞ்சள் பொடி விழுவது கண்ணுக்கே தெரியும்.

பின்சேர்க்கை 2: மழைக்காலத்தில் கற்றாழையை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். என் இரண்டாவது கற்றாழை கிட்டத்தட்டப் போயிருக்கும், காரணம் அந்தத் தட்டில் தேங்கிய தண்ணீர்தான்.