அறைத்தோழியை 'கொரோனா' என்று கூப்பிட்டால்

2020 மார்ச், ஊரடங்குக்குச் சில நாள் முன்பு. டெல்லி விஜய் நகரில் ஒரு மளிகைக் கடை வரிசையில் நானும் மணிப்பூர்க்காரியான என் அறைத்தோழியும் நின்றோம். முன்னால் நின்ற ஒருவர் தன் பிள்ளையை வெடுக்கென்று இழுத்து, அவளுடைய வடகிழக்கு முகச்சாயலைப் பார்த்து "கொரோனா, தள்ளிப் போ" என்றார். அவள் ஐந்து கிலோ ஆட்டா பையைத் தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நான் வாயே திறக்கவில்லை. அறைக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "நீ ஏன் பேசல?"

டெல்லிக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்காக, அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதை எழுதுகிறேன்.

முதலில் தோழியின் பக்கத்தில் போய் நில்லுங்கள். "வா, போகலாம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி அழைத்து வந்துவிடுங்கள். திட்டியவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 2014 ஜனவரியில், லாஜ்பத் நகரில் தலைமுடியைக் கேலி செய்ததில் கிளம்பிய தகராறில் அடிபட்டுத்தான் அருணாசலப் பிரதேச மாணவர் நீடோ தானியா இறந்துபோனார்.

அன்றைக்கே எழுதி வையுங்கள்: நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் இருந்தவர்கள். கடையில் சிசிடிவி இருந்தால் அதையும் குறியுங்கள். பதிவு நாளாக நாளாக அழிந்துவிடும்.

புகார் கொடுப்பதா என்பது தோழியின் முடிவு. நான் மறுநாளே "கிளம்பு, கிளம்பு" என்று நச்சரித்தேன். தன் அம்மாவிடம் சொல்லவே அவளுக்கு நாலு நாள் ஆனது. கொடுப்பது என்றால், டெல்லி போலீஸில் வடகிழக்கு மக்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, எண் 1093. அவசரம் என்றால் 112. 'எங்கள் எல்லை இல்லை' என்று நிலையத்தில் திருப்பி அனுப்பப் பார்த்தால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், எந்த நிலையத்திலும் போடலாம், நகலும் இலவசம். கட்டாயம் கூடவே போங்கள்.

அதற்கப்புறம் வரும் நாட்கள்தான் நீளம். தூக்கம் கெட்டால் 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். ஊரடங்கில் எல்லாச் சாமானும் நானே வாங்கி வந்தேன், அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து. இரண்டு வாரம் கழித்து, "என்னை நீயும் நோயாளியாக்கிட்ட" என்றாள். அடுத்த நாளிலிருந்து காலை ஏழு மணிக்கு, கடை திறக்கும்போதே, இரண்டு பேரும் சேர்ந்து போனோம். உங்கள் தோழியையும் கேட்டுவிட்டே உதவி செய்யுங்கள்.

அப்புறம், சமையல். அவளுடைய ஙாரி, அதாவது மணிப்பூரில் புளிக்கவைத்துச் சமைக்கும் மீன், நாறுகிறது என்று வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருந்ததால் அவள் அதை மூன்று பாலித்தீன் பைக்குள் கட்டி ஒளித்து வைத்திருந்தாள். தூத்துக்குடியிலிருந்து அம்மா கொடுத்த கருவாடு என்னிடமும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்து வைத்து இரண்டையும் சமைத்தோம். வீட்டுக்காரர் படியேறி வந்தார். இந்த முறை கதவைத் திறந்து பேசியது நான்.