மிகுபுனைவில் தூது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்கு இளையவர்கள் கொண்டுவரும் மிகுபுனைவுகளில் (ஃபேண்டஸி கதைகளில்), போருக்கு மாற்றாகத் தூதை முன்வைக்கும் கதைகள் பெருகிவருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் எங்கள் தலைமுறை தொடக்கத்தில் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். பெயர்க் குழப்பம், காலக் குழப்பம் போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே உரையில் மனம் மாறும் மன்னன்

சென்ற மழைக்காலத்தில் படித்த ஒரு நாவலில், உப்பு மூட்டைகள் ஏறிவரும் கணவாய்க்காக இரண்டு நாடுகள் தலைமுறைகளாகப் பகைத்து நிற்கின்றன. இறுதியில் தூதுவள் அவைக்கு வந்து அமைதியின் பெருமையைப் பேச, மன்னன் கண்கலங்கி வாளை உறையிலிடுகிறான். கணவாய் யாருக்கு என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது! இத்தகைய முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. அத்தனை பக்கங்களில் வளர்த்த பகைக்கே அது பொருளில்லாமல் செய்துவிடுகிறது.

சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, அதே குடியைச் சேர்ந்த நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக்கொண்டிருந்தபோது கோவூர்கிழார் பாடிய புறநானூற்றின் 45ஆம் பாடலைப் பாருங்கள். போர் தீது என்று அவர் உபதேசிக்கவில்லை. எதிரே நிற்பவன் சூடியிருப்பது சேரரின் பனந்தோடும் அன்று, பாண்டியரின் வேம்பும் அன்று, இருவர் கண்ணியும் சோழரின் ஆத்தியே என்கிறார். எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே, இந்தப் பகையால் உடல் பூரிப்பவர்கள் உங்களைப் போன்ற பிற வேந்தர்களே என்று இழப்பைக் கணக்கிட்டுக் காட்டுகிறார்.

அத்தகைய கணக்கு உங்கள் தூதுவளின் கையில் இருக்க வேண்டுமானால், இரண்டு நாடுகளுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலை முதல் அத்தியாயத்திலேயே நிறுவ வேண்டும். இந்த நீலகிரியில் தோடரின் எருமை நெய்யும், கோத்தரின் இரும்புக் கருவிகளும் மண்பாண்டங்களும், படகரின் தானியமும் நெடுங்காலம் கைமாறின. படகர் வீட்டு இறப்புச் சடங்கில் கோத்தர் வந்து இசைத்தனர். இப்படிப் பின்னிய வாழ்வில் எது அறுந்தால் யாருக்கு வலிக்கும் என்பதை வாசகர் அறிந்திருந்தால், அவையில் தூதுவள் சொல்லும் ஒரு வரியே போதும்.

ஆபத்தில்லாத தூது

தன் உயிருக்கே முடிவு வந்தாலும் தளராமல் அரசனுக்கு நன்மை தேடுவதே தூது என்னும் குறள் 690ஐப் படித்துவிட்டு, தூதுவள் எந்த ஆபத்துமின்றிப் போய்வரும் காட்சியைத் திருத்துங்கள்.

மந்திரத்தால் வரும் சமாதானம்

வேண்டாம்.

கையெழுத்தோடு முடியும் கதை

கி.மு. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தின் இரண்டாம் ராமேசஸும் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் மன்னன் மூன்றாம் ஹத்துசிலியும் செய்துகொண்ட உடன்படிக்கை, தப்பியோடியவர்களைத் திருப்பி அனுப்புவதையும், அப்படித் திரும்புபவர்களைத் தண்டிக்கக் கூடாது என்பதையும் விதியாக எழுதிவைத்தது. உங்கள் கதையிலும் கைதிகள், கணவாய்ச் சுங்கம், எல்லை தாண்டி மேயும் மாடுகள் ஆகியவற்றுக்கு விதி எழுதுங்கள். அவற்றுள் ஒன்றை யாராவது மீறுவதிலிருந்து அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.